ஸ்பிரிங்குகளைச் சேர்த்தால் விறைப்பு கூடுமா, குறையுமா? செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

ஒரே மாதிரியான இரண்டு ஸ்பிரிங்குகளை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோர்த்து எடையைத் தொங்கவிட்டால், ஒற்றை ஸ்பிரிங் நீண்டதைப் போல இரண்டு மடங்கு நீளும். அதே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி அதே எடையைத் தொங்கவிட்டால், பாதிதான் நீளும். பதினோராம் வகுப்பு இயற்பியலில் அலைவுகள் பாடத்தில் இதற்கு இரண்டு வாய்பாடுகள் வருகின்றன. மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். கையால் செய்து பார்த்தவர்கள் குறைவு. ஒற்றை ஸ்பிரிங்கின் விறைப்பைக் கண்டுபிடிக்கும் செய்முறை பள்ளியிலேயே உண்டு. அதே சாமான்களோடு இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் செலவழித்தால் சேர்க்கையையும் சோதித்துவிடலாம். ஆய்வகம் இல்லாதவர்கள் வீட்டுக் கதவு நிலையில் ஆணி அடித்தும் செய்யலாம்.

இந்தச் சோதனையில் வாய்பாட்டைச் சரிபார்ப்பது எளிய பகுதி. ஓர் அமைப்பைப் பார்த்தவுடன் "இங்கே பங்கு போவது விசையா, நீட்சியா?" என்று கேட்கப் பழகுவதுதான் உண்மையான பயிற்சி. கீழே வரும் படிகளை அதை மனத்தில் வைத்தே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

விறைப்பு என்றால் எவ்வளவு?

ஒரு ஸ்பிரிங்கை ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதே அதன் விறைப்பு. பாடநூலில் சுருள்வில் மாறிலி என்று வரும். இங்கே சுருக்கமாக மாறிலி என்கிறேன்.

விசை = மாறிலி × நீட்சி

மாறிலி 25 நியூட்டன்/மீட்டர் என்றால் கைக்கு எப்படி இருக்கும்? 100 கிராம் எடையின் விசை 0.98 நியூட்டன். அதைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் 3.9 செ.மீ. நீளும். பள்ளிச் சோதனைக்கு இந்த அளவு மிகவும் தோதானது: அளவுகோலில் தெளிவாகப் படிக்கலாம், மேசை உயரத்துக்குள்ளும் அடங்கும்.

விசையும் நீட்சியும் ஒரே விகிதத்தில் கூடும் என்பதைச் சொன்னவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். 1676-ல் அதை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக அச்சிட்டார். கண்டுபிடிப்புக்கு உரிமை தன்னிடம் இருக்க வேண்டும், ஆனால் மற்றவர்களுக்கு உடனே புரிந்துவிடவும் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1678-ல், "நீட்சி எப்படியோ விசையும் அப்படியே" என்று லத்தீனில் விடையை வெளியிட்டார். அந்த ஒற்றை வரிதான் இன்று நாம் செய்யப்போகும் அத்தனைக்கும் அடிப்படை.

சாமான்கள்

ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்த மூன்று நான்கு இழுவை ஸ்பிரிங்குகள், அவற்றோடு நன்றாக வித்தியாசப்படும் ஒரு விறைப்பான ஸ்பிரிங், தாங்கி, அரை மீட்டர் அல்லது ஒரு மீட்டர் அளவுகோல், 50 கிராம் எடைகளும் அவற்றை அடுக்கும் கொக்கியும், வளையாத ஒரு சிறு மரக்கட்டை அல்லது உலோகக் கம்பி, வரைபடத்தாள், ஸ்டாப்வாட்ச். கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச்சே போதும்.

ஸ்பிரிங் வாங்கும்போது கவனம் தேவை. பேனாவுக்குள் இருப்பது அழுத்த ஸ்பிரிங். அதில் கொக்கி இருக்காது. பைக் ஸ்டாண்டில் இருப்பது இழுவை ஸ்பிரிங்தான், ஆனால் அரை கிலோ தொங்கவிட்டாலும் அசையாது. கடையிலேயே 200 கிராம் அளவுள்ள ஏதாவது ஒன்றைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: நான்கிலிருந்து பத்து செ.மீ. நீண்டு, எடுத்தவுடன் பழைய நீளத்துக்கே திரும்பினால் வாங்கிக்கொள்ளலாம். ரப்பர் பேண்டு இதற்கு உதவாது. அது விசைக்கு நேர்விகிதத்தில் நீள்வதில்லை; ஏற்றும்போது ஒரு நீளமும் இறக்கும்போது வேறொரு நீளமும் காட்டும்.

எடைகள் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலும் அளவுக் குவளையும் போதும். 100 மி.லி. தண்ணீர் ஊற்றினால் 100 கிராம் கூடும். துல்லியமாக ஊற்றினால் இது எடைக்கற்களுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

தொடங்கும் முன் இரண்டு காப்பு ஏற்பாடுகள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், இழுபட்ட ஸ்பிரிங் கொக்கியிலிருந்து நழுவினால் நேராக முகத்தை நோக்கித்தான் வரும். எடைக்குக் கீழே ஒரு தலையணையோ மடித்த சாக்கோ போட்டுவையுங்கள். தாங்கி சாயாமல் இருக்க அதன் அடித்தட்டின் மேல் ஒரு செங்கல்லையும் வைத்துவிடலாம்.

படி 1: ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தனியாக அளங்கள்

இதைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். ஒரே பாக்கெட் ஸ்பிரிங்குகள்கூட சில சதவீதம் வித்தியாசப்படும். எனவே ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிற நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். சிவப்பின் மாறிலி என்ன, பச்சையின் மாறிலி என்ன என்று தனித்தனியே தெரிந்தால்தான் பிறகு சேர்க்கையைக் கணித்துப் பார்க்க முடியும்.

ஸ்பிரிங்கைத் தாங்கியில் மாட்டி, கீழ்க் கொக்கியில் ஒரு குண்டூசியைக் கிடைமட்டமாக ஒட்டிவிடுங்கள், அதுதான் குறிமுள். அளவுகோலைச் செங்குத்தாக, குறிமுள்ளின் முனை அதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிறுத்துங்கள். கண்ணைக் குறிமுள்ளின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். நின்றபடி குனிந்து பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை இரண்டு மூன்று மி.மீ. வரை எளிதாக வந்துவிடும். எடை ஆடுவது நின்ற பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.

100, 150, 200, 250, 300 கிராம் என ஏற்றிக்கொண்டே போய், பிறகு அதே வரிசையில் இறக்கிக்கொண்டே வாருங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளவுகள் ஒத்துப்போக வேண்டும். இறக்கும்போது குறிமுள் பழைய இடத்துக்கு வராமல் கீழேயே நின்றால், ஸ்பிரிங் மீட்சி எல்லையை, அதாவது பழைய நீளத்துக்குத் திரும்பக்கூடிய வரம்பை, தாண்டிவிட்டது. அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுங்கள். கெட்டுப்போன ஸ்பிரிங்கோடு தொடர்ந்தால் பின்னால் வரும் எல்லா அளவும் கெடும்.

இங்கே புதியவர்கள் குழம்பும் ஓர் இடம் உண்டு. நெருக்கமாகச் சுற்றப்பட்ட இழுவை ஸ்பிரிங்கில், சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும். அந்தத் தொடக்க இறுக்கத்தைத் தாண்டும் வரை எடை போட்டாலும் அது நீளாது. எடுத்துக்காட்டாக, ஒரு ஸ்பிரிங்கின் உண்மையான மாறிலி 25, தொடக்க இறுக்கம் 0.5 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 50 கிராமுக்கு நீட்சியே இருக்காது. 100 கிராமுக்கு 1.9 செ.மீ., 200 கிராமுக்கு 5.8 செ.மீ., 300 கிராமுக்கு 9.8 செ.மீ. நீளும். ஒவ்வொரு அளவிலும் விசையை நீட்சியால் வகுத்தால் 51, 34, 30 என்று மூன்று விடைகள் வரும். "ஹூக் விதி பொய்யாகிவிட்டதே" என்று தோன்றும். ஆனால் 100 கிராமிலிருந்து 200 கிராமுக்குப் போகும்போது நீட்சி எவ்வளவு கூடியது என்று பாருங்கள்: 3.9 செ.மீ. 200-லிருந்து 300-க்கும் ஏறக்குறைய அதே 3.9. கூடிய விசை 0.98-ஐ 0.039-ஆல் வகுத்தால் 25 வந்துவிடுகிறது.

ஆகவே ஒற்றை அளவை வைத்து மாறிலியைக் கணக்கிடாதீர்கள். வரைபடம் போட்டுச் சாய்வை எடுங்கள். கிடை அச்சில் நீட்சியும் குத்தச்சில் விசையும் வைத்தால் சாய்வே மாறிலி. அச்சுகளை மாற்றி வைத்தால் சாய்வின் தலைகீழ்தான் மாறிலி. கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தி வளைக்காதீர்கள். அது குத்தச்சை வெட்டும் இடம்தான் தொடக்க இறுக்கம். அதையும் குறித்துவையுங்கள், சேர்க்கையில் அது திரும்ப வரும். நீட்சியை மீட்டருக்கு மாற்ற மறந்தால் விடை நூறு மடங்கு பிசகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 2: அளக்கும் முன் கணித்து எழுதுங்கள்

சிவப்பு 25.2, பச்சை 24.6 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்குகளைக் கோர்ப்பதற்கு முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள்.

தொடரிணைப்பு (ஒன்றின் கீழ் ஒன்று): 1/மொத்தம் = 1/25.2 + 1/24.6, மொத்தம் 12.4

பக்க இணைப்பு (பக்கத்தில் பக்கத்தில்): மொத்தம் = 25.2 + 24.6 = 49.8

முன்கூட்டியே எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விடை தெரிந்த பிறகு அளந்தால், எதிர்பார்க்கும் எண் வரும் வரை குறிமுள்ளைச் சரிசெய்துகொண்டே இருக்க மனம் தூண்டும். எழுதிவைத்த கணிப்பும் அதன் பக்கத்தில் உண்மையான அளவும் இருந்தால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் தானாகப் பேசும்.

இந்த இரண்டு வாய்பாடுகளும் மின்தேக்கிகளின் வாய்பாடுகளைப் போலவே இருக்கும். மின்தடைகளுக்கு நேர் எதிர். தடைகளைத் தொடரில் போட்டால் கூட்ட வேண்டும் என்று பழகிய கை, ஸ்பிரிங்கையும் தொடரில் கூட்டிவிடும். தேர்வில் பலர் மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

படி 3: தொடரிணைப்பு

சிவப்பின் கீழ்க் கொக்கியில் பச்சையை மாட்டுங்கள். குறிமுள்ளைப் பச்சையின் அடியில் வைத்து, முன்போலவே எடை ஏற்றி அளங்கள். 25 மாறிலியுள்ள இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் ஏறக்குறைய 7.8 செ.மீ. நீட்சி கூடும். மூன்றைக் கோர்த்தால் 11.8 செ.மீ. 300 கிராமுக்கே 35 செ.மீ. வந்துவிடும் என்பதால் தாங்கியை மேசை விளிம்பில் வைத்து, எடை தரையை நோக்கித் தொங்கும்படி விடுங்கள்.

முடிந்தால் இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு இடையிலும் இன்னொரு குறிமுள் வையுங்கள். இந்தச் சிறு வேலை முழு விஷயத்தையும் கண் முன்னே கொண்டுவரும். 100 கிராம் கூட்டும்போது நடுக் குறிமுள் 3.9 செ.மீ. இறங்கும், அடிக் குறிமுள் 7.8 செ.மீ. இறங்கும். மேல் ஸ்பிரிங் தனியாக இருந்தபோது எவ்வளவு நீண்டதோ அவ்வளவேதான் இப்போதும் நீள்கிறது. துணைக்கு இன்னொன்று வந்ததால் அதன் சுமை குறையவில்லை. முழு எடையும் இரண்டின் வழியாகவும் போகிறது. விசை பொது, நீட்சிகள் கூடுகின்றன. வாய்பாட்டின் மொத்தப் பொருளும் இதுதான்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு முடிவு வருகிறது: தொடரில் எத்தனை ஸ்பிரிங்குகளைக் கோர்த்தாலும், ஒற்றை ஸ்பிரிங் தாங்கும் எடைக்கு மேல் போடக்கூடாது. குழந்தையின் தூளியை ஸ்பிரிங்கில் தொங்கவிடும் வீடுகளில், மென்மையாக ஆட வேண்டும் என்று இரண்டைக் கோர்த்து மாட்ட நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டம் மென்மையாகும், தாங்கும் திறன் கூடாது. இரண்டில் எந்தக் கொக்கி விட்டாலும் தூளி விழும்.

மேல் ஸ்பிரிங் கீழ் ஸ்பிரிங்கின் எடையையும் சுமக்கிறதே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று கேட்கலாம். அது எல்லா அளவுகளிலும் மாறாமல் இருக்கும் கூடுதல்; சாய்வைத் தொடாது. சாய்வு முறையின் இன்னொரு நன்மை இது.

அடுத்து, வித்தியாசமான ஸ்பிரிங்குகளைக் கோர்த்துப் பாருங்கள். 20-ஐயும் 60-ஐயும் கோர்த்தால் 15 வரும். தொடரில் வரும் விடை எப்போதும் இரண்டில் இளகியதைவிடக் குறைவு. விறைப்பான ஸ்பிரிங்கை மேலே மாட்டினாலும் கீழே மாட்டினாலும் விடை மாறாது. மாறும் என்று பலர் நினைப்பதால் இரண்டு வரிசையிலும் அளந்துவிடுங்கள்.

படி 4: பக்க இணைப்பு

சொல்ல எளிது; ஆனால் எல்லாப் படிகளிலும் சரியாகச் செய்யக் கடினமானது இதுதான். இரண்டு ஸ்பிரிங்குகளையும் மேலே ஒரே உயரத்தில் மாட்டுங்கள். கீழ்க் கொக்கிகள் இரண்டையும் ஒரு கட்டையின் இரு முனைகளில் மாட்டி, கட்டையின் நடுவிலிருந்து எடையைத் தொங்கவிடுங்கள். மேலே மாட்டும் புள்ளிகளுக்கு இடையிலான தூரமும் கீழே உள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்குகள் சாய்ந்து நின்றால் விசையின் ஒரு பகுதி பக்கவாட்டில் வீணாகும். கட்டையையும் எடைக் கொக்கியையும் மாட்டிய பிறகு தெரியும் இடத்தையே தொடக்க அளவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீட்சிகள் இப்போது சிறியவை. 100 கிராமுக்கு 2 செ.மீ.தான் கூடும். அதில் ஒரு மி.மீ. பிசகினால் 5 சதவீதப் பிழை. ஆகவே எடையைக் கூட்டி 600 கிராம் வரை போங்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் பாதியைத்தான் சுமக்கிறது, எனவே எல்லையைத் தாண்டாது. தொடக்க இறுக்கமும் இங்கே இரட்டிப்பாகும்: ஒவ்வொன்றுக்கும் 0.5 என்றால் சேர்க்கைக்கு 1.0 நியூட்டன். வெறும் 100 கிராம் தொங்கவிட்டுவிட்டு "நீளவே இல்லையே" என்று திகைக்க வேண்டாம்.

ஒரே மாதிரியான ஸ்பிரிங்குகளில் கட்டை மட்டமாகவே இறங்கும், விடை இரண்டு மடங்காக வரும். வேறு வேறு விறைப்புள்ள இரண்டை மாட்டும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது. 20-ஐ இடப்பக்கமும் 60-ஐ வலப்பக்கமும் மாட்டி, கட்டையின் நடுவில் 200 கிராம் தொங்கவிடுங்கள். வாய்பாட்டின்படி மொத்தம் 80, நீட்சி 2.45 செ.மீ. இருக்க வேண்டும். ஆனால் கட்டை இடப்பக்கம் சரியும். எடை நடுவில் இருப்பதால் இரண்டு ஸ்பிரிங்கும் ஆளுக்குப் பாதியாக 0.98 நியூட்டனைச் சுமக்கின்றன. இடது 4.9 செ.மீ. நீள்கிறது, வலது 1.6 செ.மீ. நீள்கிறது, நடுப்புள்ளி 3.3 செ.மீ. இறங்குகிறது. கணக்கிட்டால் மாறிலி 60! வாய்பாடு 80 என்கிறதே?

வாய்பாடு பொய் சொல்லவில்லை. இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒரே அளவு நீள வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கட்டை சரிந்ததும் அந்த நிபந்தனை உடைந்துவிட்டது. இதைச் சரிசெய்ய, எடை தொங்கும் புள்ளியை விறைப்பான ஸ்பிரிங்கின் பக்கம் நகர்த்துங்கள். கட்டையில் ஸ்பிரிங்குகளுக்கு இடையே 12 செ.மீ. தூரம் என்றால், 60-லிருந்து 3 செ.மீ., 20-லிருந்து 9 செ.மீ. உள்ள புள்ளியில் தொங்கவிட வேண்டும். மாறிலியையும் தூரத்தையும் பெருக்கினால் இருபுறமும் சமமாக வரும் புள்ளி அது: 60 × 3 = 20 × 9. நூலைக் கட்டை மேல் மெல்ல நகர்த்தி, எடை கூட்டும்போது கட்டையின் இரு முனைகளும் ஒரே அளவு இறங்கும் இடத்தைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். அந்த இடத்தில் அளந்தால் 80-க்குப் பக்கத்தில் வரும்.

இந்தச் சோதனையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள் என்பேன். பக்க இணைப்பில் நீட்சி பொது, விசை பங்கு போகிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கும், சரிந்த கட்டையை விரல் நுனியால் மட்டத்துக்குக் கொண்டுவந்து தெரிந்துகொள்வதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

படி 5: தோற்றத்தை நம்பாதீர்கள்

இப்போது ஒரு பொறி. ஒரு ஸ்பிரிங்கை மேலே மாட்டி அதன் அடியில் எடை. அந்த எடையின் அடியில் இன்னொரு ஸ்பிரிங். அதன் கீழ் முனை அடித்தட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு ஸ்பிரிங்கும் நேர்கோட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. தொடரிணைப்பா?

எடையைக் கையால் ஒரு செ.மீ. கீழே இழுங்கள். மேல் ஸ்பிரிங் ஒரு செ.மீ. கூடுதலாக நீள்கிறது, கீழ் ஸ்பிரிங் ஒரு செ.மீ. சுருங்குகிறது. இரண்டின் மாற்றமும் சமம். இரண்டுமே எடையை மேல்நோக்கித் திருப்பப் பார்க்கின்றன: ஒன்று கூடுதலாக இழுத்து, மற்றது தன் கீழ்நோக்கிய இழுப்பைக் குறைத்து. நீட்சி மாற்றம் பொது, விசைகள் கூடுகின்றன. ஆகவே இது பக்க இணைப்பு, மாறிலி இரண்டின் கூட்டல். தொடங்கும்போதே இரண்டு ஸ்பிரிங்கும் தொடக்க இறுக்கத்தைத் தாண்டி நன்றாக இழுபட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியுலகத்திலும் இதே கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். பைக்கின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் இருக்கும் இரண்டு ஷாக் அப்சார்பர்கள் பக்க இணைப்பு. ரயில் பெட்டியின் சக்கரத் தொகுதியில் பெரிய ஸ்பிரிங்குக்குள் சிறிய ஸ்பிரிங்கை வைத்திருப்பார்கள். அதுவும் பக்க இணைப்பே, இடத்தை மிச்சப்படுத்திக்கொண்டு விறைப்பைக் கூட்டும் வழி. உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் பொதுவாக எதிரெதிர்த் திசையில் சுற்றியிருப்பார்கள், சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்காமல் இருக்க.

படி 6: எண்ணிக்கையைக் கூட்டிப் போக்கைப் பாருங்கள்

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஸ்பிரிங்குகள் என்று கூட்டி, இரண்டு இணைப்பிலும் மாறிலியைக் காணுங்கள். பக்க இணைப்பில் எண்ணிக்கைக்கு எதிராக மாறிலியை வரைந்தால் நேர்கோடு வரும். தொடரில் அதையே வரைந்தால் வளைகோடுதான் வரும். வளைகோட்டைப் பார்த்து எந்த விதி என்று சொல்வது கடினம். எண்ணிக்கைக்கு எதிராக 1/மாறிலியை வரையுங்கள், அது நேர்கோடாகிவிடும்.

பக்க இணைப்பின் கோட்டை உற்றுப் பாருங்கள். மூன்று, நான்கு என்று போகும்போது புள்ளிகள் எதிர்பார்த்ததைவிடச் சற்றே கீழே இறங்கலாம். பெரும்பாலும் காரணம் தாங்கியில் இருக்கும். எடை கூடும்போது தாங்கியின் குறுக்குக் கம்பியும் சற்று வளைகிறது. 500 கிராமுக்கு அது 2 மி.மீ. இறங்கினால், தாங்கி தானே ஏறக்குறைய 2450 நியூட்டன்/மீட்டர் மாறிலியுள்ள ஒரு ஸ்பிரிங். அது உங்கள் ஸ்பிரிங்குகளோடு தொடரில் இருக்கிறது. ஒற்றை ஸ்பிரிங்கை அளக்கும்போது இதனால் வரும் பிழை ஒரு சதவீதம். மூன்றைப் பக்கத்தில் போட்டு 75 வர வேண்டிய இடத்தில் 72.8 வரும், நான்கில் 100-க்குப் பதிலாக 96.

இதற்கு மாற்று எளிது. ஸ்பிரிங்குகளின் மேல் முனையிலும் ஒரு குறிமுள் வைத்து, இரண்டு குறிமுட்களுக்கு இடையிலான தூரத்தையே நீளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கதவு நிலையில் அடித்த ஆணி என்றால் இந்தத் தொல்லை இல்லை.

கணிப்பும் அளவும் எவ்வளவு நெருங்கினால் போதும்? தனி ஸ்பிரிங்குகளின் மாறிலியை 2 சதவீதத் துல்லியத்தில் அளந்திருந்தால், 12.4 என்று கணித்த இடத்தில் 12.2 வருவது ஒத்துப்போவதுதான். 11.5 வந்தால் ஏதோ இருக்கிறது: சாய்ந்த அளவுகோல், எல்லை தாண்டிய ஸ்பிரிங், கோர்த்த இடத்தில் நழுவும் கொக்கி. எண்ணைத் திருத்தாமல் காரணத்தைத் தேடுங்கள்.

படி 7: ஆட்டிவிட்டும் சரிபார்க்கலாம்

நீட்சியை அளக்காமலேயே மாறிலியைக் காணும் இரண்டாவது வழி, எடையைச் சற்று இழுத்து விட்டு அலைவுக்காலத்தை எடுப்பது.

மாறிலி = 39.5 × நிறை / (அலைவுக்காலம் × அலைவுக்காலம்)

நிறை கிலோகிராமில், காலம் நொடியில். 20 அலைவுகளுக்கு நேரம் எடுத்து வகுத்துக்கொள்ளுங்கள். 200 கிராமுக்கு, 25 மாறிலியுள்ள ஒற்றை ஸ்பிரிங்கில் 20 அலைவுகள் 11.2 நொடி, இரண்டைத் தொடரில் போட்டால் 15.9, பக்கத்தில் போட்டால் 7.9. தொடரில் ஆகும் நேரம் பக்க இணைப்பைப் போல இரண்டு மடங்கு. மாறிலியில் நான்கு மடங்கு வேறுபாடு இருப்பதால் காலத்தில் அதன் வர்க்கமூலமே தெரிகிறது.

நிறையோடு ஸ்பிரிங்குகளின் நிறையில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டால் விடை இன்னும் நெருங்கும். ஸ்பிரிங்கின் மேல் முனை அசைவதே இல்லை, கீழ் முனை முழுதாக அசைகிறது. கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்கு வருகிறது. பக்க இணைப்பில் கட்டையின் நிறையையும் முழுதாகச் சேருங்கள். இந்த முறையில் தண்ணீர்ப் பாட்டிலைப் பயன்படுத்துவதானால் கழுத்து வரை நிரப்பி மூடிவிடுங்கள். பாதி நிறைந்த பாட்டிலில் தண்ணீர் அலம்பி ஆட்டத்தைக் கெடுக்கும்.

சில நேரம் நேராக மேலும் கீழும் ஆடிய எடை, கொஞ்ச நேரத்தில் தானாகவே ஊசல் போலப் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மேல் கொக்கியிலிருந்து எடையின் மையம் வரை உள்ள நீளம், எடையால் ஏற்பட்ட நீட்சியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்காக இருக்கும்போது இது நடக்கும். அப்போது ஊசல் ஆட்டத்தின் காலம் ஸ்பிரிங் ஆட்டத்தின் காலத்தைப் போலச் சரியாக இரண்டு மடங்காகி, ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகிறது. பார்க்க அழகாக இருக்கும், அளக்க உதவாது. 50 கிராமைக் கூட்டியோ குறைத்தோ விட்டால் நின்றுவிடும்.

இன்னும் ஒரு படி போக விரும்பினால்

மிச்சமிருக்கும் ஸ்பிரிங் ஒன்றைக் கட்டிங் பிளேயரால் சரிபாதியாக வெட்டி, வெட்டிய முனையின் கடைசிச் சுற்றை வளைத்துக் கொக்கியாக்குங்கள். முழு ஸ்பிரிங் என்பதே தொடரில் கோர்த்த இரண்டு அரை ஸ்பிரிங்குகள்தான் என்று பார்த்தால், அரைத்துண்டின் மாறிலி முழுதைப் போல இரண்டு மடங்காக இருக்க வேண்டும். கொக்கியாக வளைத்த சுற்று இனி ஸ்பிரிங்காக வேலை செய்யாது என்பதால், நீளத்தை அளக்காமல் வேலை செய்யும் சுற்றுகளை எண்ணுங்கள். 40 சுற்றுள்ள ஸ்பிரிங்கில் 19 மிஞ்சினால், எதிர்பார்க்க வேண்டிய பெருக்கம் 40/19. அதையும் அளக்கும் முன்பே நோட்டில் எழுதிவிட்டு எடையைத் தொங்கவிடுங்கள்.